மேட்டுல மட்டும் ஹீட் ஏறும் பழைய பிக்கப்: தெர்மோஸ்டேட்டைக் கழட்டிட்டா தீருமா?

மாங்கா லோடு, காவேரிப்பட்டினம் | மே 3, இரவு 9.40

பழைய பொலிரோ பிக்கப், டிஐ டீசல் இன்ஜின், ஏசி கிடையாது. காலி வண்டியில எவ்வளவு தூரம் போனாலும் ஹீட் மீட்டர் முள்ளு பாதியைத் தாண்டாது. மாங்கா ஏத்திக்கிட்டு ஓசூர் போகும்போது, குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை மேட்டுல சிவப்புக்குப் பக்கத்துல போயிடுது. மேடு முடிஞ்சு சூளகிரி பக்கம் வந்ததும் தானா இறங்கிடுது. தினமும் காலையில ரேடியேட்டர் ஒரு லிட்டர் தண்ணி கேக்குது. வீட்டு போர் தண்ணிதான் ஊத்துறேன். மெக்கானிக், "தெர்மோஸ்டேட்டைக் கழட்டிப் போட்டுடலாம், நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு"ங்கறார். எடுத்துடலாமா? இல்ல இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்குமா? சீசன் முடியிற வரைக்கும் வண்டி நிக்கக் கூடாது.

காரிமங்கலம் பட்டறை | மே 3, இரவு 10.15

எடுக்காதீங்க தம்பி. இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்குப் போக விடாம மறிக்கிற வால்வுதான் தெர்மோஸ்டேட். கழட்டிப் போடுறதுக்கு முன்னாடி உங்க தெர்மோஸ்டேட்டோட அடிப்பக்கத்தைப் பாருங்க. கீழே இன்னொரு சின்னத் தட்டு ஸ்பிரிங்கோட தொங்குச்சுன்னா அது பைபாஸை, அதாவது தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்கே திரும்புற வழியை, அடைக்கிற தட்டு. இன்ஜின் சூடானதும் மேல் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும், அதே நேரத்துல கீழ்த்தட்டு இறங்கி பைபாஸ் வாயை மூடும். மொத்தத்தையும் கழட்டினா அந்த வாய் எப்பவும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும். லோடுல இன்னும் அதிகமா ஹீட் ஆகும்.

கீழ்த்தட்டு இல்லாத மாடலா இருந்தாலும் எடுக்க வேண்டாம். டீசல் இன்ஜின் சூடேறாம ஓடினா டீசல் முழுசா எரியாது, ஆயில்ல கலக்கும், சிலிண்டர் லைனர் தேயும். ஓசூர்ல டிசம்பர் காலையில நல்லாவே தெரியும், ரொம்ப நேரத்துக்கு வெள்ளைப் புகை.

சந்தேகம் இருந்தா சோதிச்சுக்கலாம், பைசா செலவில்ல. ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, தெர்மோஸ்டேட்டை நூல்ல கட்டி, பாத்திரத்தோட அடியைத் தொடாம தொங்க விட்டு சூடு பண்ணுங்க. திறக்க வேண்டிய சூடு அதுமேலேயே அடிச்சிருக்கும், பெரும்பாலும் 82. அந்த டிகிரியில வாய் விரிய ஆரம்பிக்கணும், 95 வரும்போது முழுசா, ஒரு 8 மி.மீ. அளவுக்குத் திறந்திருக்கணும். பாதியில நின்னா புதுசு போடுங்க. போடும்போது மெழுகு இருக்கிற குண்டுப் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கணும். சின்ன ஊசி ஓட்டை இருந்தா அது மேல் பக்கம் வரணும், காத்து வெளியேறுறது அது வழியாத்தான்.

பாலக்கோடு தக்காளி வண்டி | மே 4, காலை 5.50

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. ரேடியேட்டர் அடைக்கிறதே அதனாலதான். பேசாம கோர் (ரேடியேட்டர் நடுவுல இருக்கிற டியூப் கூடு) மாத்திடுங்க.

காரிமங்கலம் பட்டறை | மே 4, காலை 7.20

கோர் பிரச்சினையாவும் இருக்கலாம். ஆனா அளந்து பார்க்காம சாமான் மாத்தினா, கோர், வாட்டர் பாடி (தண்ணியைச் சுத்த விடுற பம்ப்), தெர்மோஸ்டேட், ஃபேன்னு ஒவ்வொண்ணா காசு போகும், ஹீட் அப்படியே நிக்கும்.

முதல்ல உங்க அறிகுறியைப் பாருங்க. காலி வண்டியில சரி, லோடுல மேட்டுல மட்டும் ஏறுது. அப்படின்னா கூலிங் சிஸ்டம் வேலை செய்யுது, ஆனா முழுத் திறன் இல்ல. தெர்மோஸ்டேட் மூடினபடியே சிக்கியிருந்தா காலி வண்டியிலயே கொஞ்ச தூரத்துல கொதிச்சிருக்கும். குறைஞ்ச திறன் மூணு இடத்துல தொலையும்: தண்ணி ஓட்டம் பத்தல, காத்து ஓட்டம் பத்தல, இல்லேன்னா இன்ஜின் தேவைக்கு மேல சூட்டை உண்டாக்குது. இந்த மூணுல எதுன்னு பிரிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஒரு டெம்பரேச்சர் கன் வாங்குங்க. காய்ச்சல் பார்க்கிற கன் உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மேல காட்டாது. தொழிற்சாலைக் கன் வேணும். பளபளன்னு இருக்கிற பித்தளை, அலுமினியம் மேல நேரா அடிச்சா அது குறைச்சலாத்தான் காட்டும். மேல் ஓஸ் மாட்டுற மூக்குலயும் கீழ் ஓஸ் மாட்டுற மூக்குலயும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதுமேல அடிங்க.

லோடுல ரெண்டுக்கும் நடுவுல 8-லேருந்து 15 டிகிரி வித்தியாசம் இருந்தா ரேடியேட்டர் தன் வேலையைச் செய்யுது. மேல 100, கீழ 60ன்னு பெரிய இடைவெளி வந்தா தண்ணி மெதுவா ஊர்ந்து போகுதுன்னு அர்த்தம்: கோர் அடைப்பு, வாட்டர் பாடி, பாதி திறந்த தெர்மோஸ்டேட், இந்த மூணுல ஒண்ணு. மேல 100, கீழ 95ன்னு ரெண்டுமே கொதிச்சா தண்ணி நல்லா ஓடுது, காத்துதான் சூட்டை எடுக்கல: ஃபேன், பெல்ட், ஃபேன் கவர், ஃபின்ல (டியூபுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய தகடு) அடைச்ச மண்.

ஓசூர் மெஷின் ஷாப் | மே 4, காலை 8.05

மேல சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். வண்டி சும்மா நிக்கும்போது அளந்தீங்கன்னா தெர்மோஸ்டேட் கொஞ்சமாத்தான் திறந்திருக்கும். தண்ணி கொஞ்சமாப் போகும், ரேடியேட்டர்ல ரொம்ப ஆறிடும், நல்ல வண்டியிலகூட 30 டிகிரி வித்தியாசம் காட்டும். அதை நம்பி கோரைக் கழட்டக் கூடாது. மேடு ஏறி முள்ளு மேல இருக்கும்போதே, பாதுகாப்பான இடத்துல ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காம 1500 ஆர்பிஎம்ல வச்சு உடனே அடிக்கணும். நெடுஞ்சாலை வளைவுல நிறுத்த வேண்டாம், டீக்கடைத் திருப்பம் வரைக்கும் போங்க.

மாங்கா லோடு, காவேரிப்பட்டினம் | மே 4, காலை 8.30

கன் வாங்கிடறேன்ணா. ஹெட் கேஸ்கெட்டை எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது.

காரிமங்கலம் பட்டறை | மே 4, மதியம் 1.10

காலையில, இன்ஜின் முழுக்க ஆறின நிலையில பாருங்க. ஆயில் ஸ்டிக்கையும் ஆயில் மூடியோட உட்பக்கத்தையும் பாருங்க, காபி கலர்ல பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. கலக்கலைன்னா அடுத்தது குமிழி.

ஃபேன் பெல்ட்டைக் கழட்டிடுங்க. ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் தண்ணி நிரப்பி, ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷத்துக்குள்ள பார்த்துட்டு அணைச்சிடுங்க. பெல்ட் இல்லாததால வாட்டர் பாடி சுத்தாது, தண்ணி அசையாது. அப்பவும் கழுத்துல விடாம குமிழி வந்தா அது சிலிண்டர்லேருந்து வர்ற காத்துதான். பெல்ட்டோட பார்த்தா பம்ப் கிளப்புற நுரையையும் கேஸ்கெட் குமிழியையும் பிரிக்க முடியாது. அந்த நிலையில வண்டியை நகர்த்தவே கூடாது. நிறைய டீசல் வண்டியில பிரேக் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டர் பின்னாலதான் இருக்கு. பெல்ட் இல்லேன்னா பிரேக் கல்லாயிடும்.

இன்னொரு அடையாளம்: ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ரெண்டே நிமிஷத்துல மேல் ஓஸ் கல்லு மாதிரி விறைச்சா கேஸ்கெட் மேல சந்தேகப்படணும். தண்ணி சூடாகி வர்ற அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் வராது.

குமிழி இல்ல, ஆயில் சுத்தம், ஆனா தினம் ஒரு லிட்டர் போகுதுன்னா வெளியில எங்கயோ சொட்டுது. வாட்டர் பாடிக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். அங்கேருந்து கீழ் நோக்கி வெள்ளைக் கோடோ துருக் கோடோ இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள சீல் போனா தண்ணி பேரிங்குக்குப் போகாம வெளியேறத்தான் அந்த ஓட்டை. அதை எம்-சீல் வச்சு அடைக்கிறவங்க உண்டு. அடைச்சா தண்ணி பேரிங்குக்குள்ள போய், ஷாஃப்ட் ஆடி, ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

பென்னாகரம் வேதியியல் | மே 4, இரவு 8.45

பாலக்கோடு நண்பர் சொன்ன ஃப்ளோரைடு விஷயத்தைத் திருத்த வேண்டும். நம் இரண்டு மாவட்ட நிலத்தடி நீரிலும் ஃப்ளோரைடு இருப்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஆனால் அது பல்லுக்கும் எலும்புக்கும் கேடு, ரேடியேட்டருக்கு அல்ல. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 ஃப்ளோரைடுக்கு வைத்த உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதே தரத்தில் கடினத்தன்மைக்கு, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகளுக்கு, ஏற்புடைய அளவு 200, வேறு நீர் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை. ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு மில்லிகிராமுக்கும் சில நூறு மில்லிகிராமுக்கும் உள்ள வித்தியாசம். இன்னும் சொன்னால், ஃப்ளோரைடு மிகுந்த நீரில் கால்சியம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் ஃப்ளோரைடாகப் படிந்து விடும் என்பதால் இரண்டும் ஒரே நீரில் அதிகம் கரைந்திருக்க முடியாது.

அடைப்பது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே பொருள். சர்க்கரையும் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும், இது சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். அதனால் இன்ஜினுக்குள் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும்: சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே, இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுற்றி. ரேடியேட்டரில் அடைப்பு தெரிகிறது என்றால் ஹெட்டுக்குள் ஏற்கெனவே படிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு. 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீர் 10 லிட்டர் ஒருமுறை நிரப்பினால் உள்ளே போவது 6 கிராம், அதோடு சரி. ஆனால் தினம் 1 லிட்டர் வீதம் ஊற்றினால் ஆண்டுக்கு 219 கிராம். எல்லாமே படியாது. கொதிக்கும்போது படிகிற பங்கு மட்டும் படியும், திரவமாகவே ஒழுகுகிற நீர் தன்னிடம் கரைந்ததை வெளியே கொண்டுபோகும். ஆவியாகப் போகிற நீரோ உப்பு முழுவதையும் உள்ளேயே விட்டுப் போகும். பாதி படிந்தாலே 100 கிராமுக்கு மேல். ஆகவே உங்கள் வண்டியில் நோய் அந்தத் தினசரி ஒரு லிட்டர். அடைப்பு அதனால் வந்தது.

பாலக்கோடு தக்காளி வண்டி | மே 4, இரவு 9.30

நல்ல விளக்கம் சார். அப்ப தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சு ஊத்தலாமா? கேன் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி?

பென்னாகரம் வேதியியல் | மே 4, இரவு 9.55

கொதிக்க வைத்து, தெளிய விட்டு, மேலாக எடுத்தால் ஒரு பகுதி குறையும். கொதித்தாலும் படியாத நிரந்தரக் கடினத்தன்மை அப்படியே இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் அவசரத்துக்கு நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழிவாக வெளியேற்றும் நீரை வீணாகிறதே என்று எடுத்து ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்டு வாட்டர் எல்லாவற்றிலும் சிறந்தது. குடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை: கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் இன்னும் செறியும்.

மாங்கா லோடு, காவேரிப்பட்டினம் | மே 7, இரவு 10.20

அளந்தாச்சு. ஆயில் சுத்தம். பெல்ட் கழட்டிப் பார்த்தேன், குமிழி இல்ல. தெர்மோஸ்டேட் வெந்நீர்ல 83-ல திறந்து முழுசா விரிஞ்சுது. மேட்டு உச்சியில 1500 ஆர்பிஎம்ல மேல 101, கீழ 62. ரேடியேட்டர் முகத்துல கன்னை வரிசையா அடிச்சா நடுவுல சூடு, ரெண்டு ஓரமும் கீழ்ப்பாகமும் ஜில்லுனு இருக்கு. வாட்டர் பாடிக்குக் கீழ வெள்ளைக் கோடு இருக்குண்ணா, ஷாஃப்ட் லேசா ஆடுது.

காரிமங்கலம் பட்டறை | மே 7, இரவு 10.45

39 டிகிரி இடைவெளி, அதுவும் ஓரங்கள் ஜில்லு. கோர் அடைச்சிருக்கு, வாட்டர் பாடி ஒழுகுது. ஹெட்டைத் தொட வேண்டாம். வாட்டர் பாடி புதுசு போடும்போது பழசோட இறக்கையைப் பாருங்க, அரிச்சுப் போய் குட்டையா இருந்தா ஓட்டம் குறைஞ்சதுல அதுக்கும் பங்கு உண்டு. பழைய கேஸ்கெட் பேப்பரைச் சுரண்டி எடுத்துட்டு மாட்டுங்க. சிலிக்கான் மெல்லிசா ஒரு கோடு போதும். அள்ளி அப்பினா உள்பக்கம் பிதுங்கி, உடைஞ்சு, ரேடியேட்டர் டியூப்ல போய் உக்காந்துக்கும்.

பெல்ட்டையும் மாத்திடுங்க. ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டைவிரலால அழுத்தினா 10-லேருந்து 12 மி.மீ. இறங்கணும். அதிகமா இழுத்துக் கட்டினா புது பேரிங் போயிடும்.

கிருஷ்ணகிரி ரேடியேட்டர் வேலை | மே 8, காலை 6.30

கோர் பித்தளையா அலுமினியமா? மேல் டேங்க் பிளாஸ்டிக்கா இருந்து ஓரம் மடிச்சுப் பிடிச்சிருந்தா அலுமினியம். அதைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, டியூப் கிழிஞ்சிடும். அடைப்பு கடுமையா இருந்தா மாத்துறதுதான் வழி. பித்தளை டேங்க், ஈயப் பத்துன்னா டேங்கைப் பிரிச்சு ஒவ்வொரு டியூபாக் கம்பி விட்டு எடுக்கலாம், அதுதான் ராடிங்.

கழட்டினதும் முதல்ல ஓட்டம் பாருங்க. கீழ் வாயைக் கையால அடைச்சு, மேல வரைக்கும் நிரப்பி, கையை எடுங்க. பக்கெட்டைக் கவிழ்த்த மாதிரி குபுக்குனு இறங்கணும். கயிறு மாதிரி வந்தா அடைப்பு.

அதுக்கு முன்னாடி ஃபின்னைக் கட்டைவிரலால லேசாத் தேச்சுப் பாருங்க. பச்சைப் பூத்து, பொடிப்பொடியா உதிர்ந்தா, ஃபின்னும் டியூபும் ஒட்டு விட்டுப்போச்சு. உள்ள எவ்வளவு சுத்தம் பண்ணாலும் சூடு காத்துக்கு வராது. அந்த கோருக்கு ராடிங் கூலி குடுக்கிறது வீண், புது கோர் கட்டிக்கங்க.

ஃபின்ல மண்ணும் பூச்சியும் அடைச்சிருந்தா இன்ஜின் பக்கத்துலேருந்து வெளிப்பக்கமா தண்ணி அடிங்க. முன்னாலேருந்து அடிச்சா இன்னும் உள்ளதான் போகும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்துல வச்சு அடிச்சா ஃபின் படுத்துடும், சாதாரண ஓஸ் அழுத்தம் போதும்.

பாலக்கோடு தக்காளி வண்டி | மே 8, காலை 7.00

ஆசிட் ஊத்திக் கழுவினா கழட்டாமயே சுத்தமாயிடும்னு சொல்றாங்களே?

கிருஷ்ணகிரி ரேடியேட்டர் வேலை | மே 8, காலை 7.40

டாய்லெட் ஆசிட் ஊத்துறவங்களைப் பத்தித்தான் கேக்குறீங்க. தயவுசெஞ்சு வேண்டாம். சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே அலுமினிய ஹெட், தெர்மோஸ்டேட் கூடு, ஈயப் பத்து எல்லாத்தையும் தின்னும். துணி சோடாவும் அலுமினியத்துக்கு ஆகாது.

பாதி அடைச்ச சிஸ்டத்துக்கு மளிகைக் கடை லெமன் சால்ட் (சிட்ரிக் ஆசிட்) போதும். 10 லிட்டருக்கு அரைக் கிலோ, வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, தெர்மோஸ்டேட் திறக்கிற சூடு வரைக்கும் கொண்டுவந்து, அரை மணி நேரம் ஐடிலிங். ஆறவிட்டு இறக்கணும். ராத்திரி முழுக்க விட்டுடக் கூடாது. பிறகு நல்ல தண்ணியில தெளிவா வர்ற வரைக்கும் கழுவி, கடைசிக் கழுவலுக்கு முன்னாடி சமையல் சோடா, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், கலந்து ஓட்டி இறக்கிடுங்க. ஆசிட் மிச்சம் இருந்தா புது கூலன்ட்டோட துருத் தடுப்பு மருந்தைக் கெடுத்துடும்.

மொத்தமா அடைச்ச டியூபுக்கு இது உதவாது. தண்ணியே போகாத டியூபுக்குள்ள மருந்து எப்படிப் போகும்?

பென்னாகரம் வேதியியல் | மே 8, மாலை 5.15

ரேடியேட்டர் நண்பரின் முறை சரி. ஒரே தடவையில் இரட்டிப்பாகப் போட வேண்டாம் என்பதை மட்டும் சேர்க்கிறேன். சுண்ணாம்பு கரைந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூட்டில் அதிகம் கரையாத பொருள். செறிவு கூடினால் அதுவே வெள்ளை மாவாகப் படியும். படிவு அதிகமாக இருந்தால் அதே அளவில் இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. பழைய கோரில் சுண்ணாம்பே சில ஊசி ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும், கழுவிய பிறகு ஒழுகத் தொடங்கலாம். மருந்து ஓட்டையை உண்டாக்கியது என்று நினைக்க வேண்டாம், மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது.

மாங்கா லோடு, காவேரிப்பட்டினம் | மே 11, இரவு 9.15

கோர் பித்தளை. டேங்கைப் பிரிச்சதும் போட்டோ எடுத்தேன். ஓரத்து டியூப் வாயெல்லாம் வெள்ளையும் செங்கல் கலருமா, சாக்பீஸ் வச்சு அடைச்ச மாதிரி. நகத்தால குத்தினா பேரல. நடுவுல இருக்கிறது மட்டும் கறுப்பா ஓட்டை தெரியுது. கன்ல ஜில்லுனு காட்டின அதே இடங்கள். ஃபின் உறுதியா இருக்கு, அதனால ராடிங் பண்ணி டேங்கைப் பத்து வச்சாச்சு. வாட்டர் பாடி, பெல்ட், ரெண்டு ஓஸ், மூடி புதுசு. லெமன் சால்ட் வெறும் இன்ஜின் பக்கத்துக்கு ரெண்டு தடவை, முதல் தடவை இறக்கினது டீ டிகாஷன் கலர்.

லோடோட அதே மேடு: மேல 92, கீழ 80. முள்ளு பாதிக்கு மேல ஒரு கோடு, அதோட நின்னுது. தண்ணி மட்டம் குறையல.

காரிமங்கலம் பட்டறை | மே 11, இரவு 9.35

12 டிகிரி. அருமை. ரேடியேட்டர் மூடி மேல 0.9ன்னு இருக்கா பாருங்க, அல்லது 13ன்னு. ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணு பார், ஒண்ணு பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்துல வெறும் தண்ணியே 118 டிகிரி சுத்துலதான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட்டா இருந்தா 125-ஐத் தாண்டும். மூடி ரப்பர் வெடிச்சுப் போன வண்டி 900 மீட்டர் உயரத்துல இருக்கிற ஓசூர்ல 97-லயே கொதிக்கும். ஹீட்டுன்னு வர்ற வண்டிக்கு முதல்ல மூடியைப் பார்க்கணும், விலையும் கம்மி.

வண்டி ஆறின பிறகு மேல் ஓஸ் சப்பிப் போயிருந்தா அதுவும் மூடிதான், உள்ள இருக்கிற சின்ன வால்வு சிக்கி காத்தை உள்ள விடல. கீழ் ஓஸ் வேகத்துல மட்டும் சப்பினா அது வேற, உள்ள இருக்க வேண்டிய கம்பிச் சுருள் இல்ல, இல்லேன்னா கோர் அடைப்பு.

இப்பவே கூலன்ட் மாத்திடுங்க. இங்க உறையற குளிர் கிடையாது, 3 பங்குல 1 பங்கு கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காத கூலன்ட்), 2 பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். அதிகம் ஊத்தினா நல்லதுன்னு இல்ல. கூலன்ட்டுல இருக்கிற கிளைக்கால் தண்ணியைவிட சூட்டைக் கம்மியாத்தான் சுமக்கும், பாதிக்கு மேல போனா கூலிங் குறையும். தண்ணி கலந்தே வர்ற ரெடிமிக்ஸ் கேன்னா மேற்கொண்டு தண்ணியே சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்புன்னு நிறத்தை நம்பிக் கலக்காதீங்க, மருந்து வேற வேறயா இருந்தா கூழாயிடும்.

ஊத்தும்போது வண்டி மூக்கு மேட்டைப் பார்த்து நிக்கட்டும். மெல்ல ஊத்துங்க. மூடி திறந்தபடி ஸ்டார்ட் பண்ணுங்க, தெர்மோஸ்டேட் திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கும், அப்ப நிரப்பி மூடுங்க. காத்து உள்ள நின்னா சென்சார் காத்துல தொங்கும். அப்ப முள்ளு கீழ இருக்கும், ஹெட் வெந்துக்கிட்டிருக்கும். ஓட்டும்போது சிவப்புல இருந்த முள்ளு திடீர்னு அடிக்கு விழுந்தா சந்தோஷப்படாதீங்க, தண்ணி மொத்தமும் போயிருக்கும். அந்த நொடியே அணைக்கணும்.

பாலக்கோடு தக்காளி வண்டி | மே 12, காலை 6.10

என் வண்டியில ஹெட்லைட் போட்டா முள்ளு ஏறுது, அணைச்சா இறங்குது. இதுவும் ஹீட்டா?

காரிமங்கலம் பட்டறை | மே 12, காலை 7.05

எர்த். பேட்டரி நெகட்டிவ்லேருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற பட்டையைக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்குங்க. டேஷ் பின்னால மீட்டர் எர்த்தையும் பாருங்க.

ஓசூர் மெஷின் ஷாப் | மே 12, இரவு 8.00

ஓட்டுற விதமும் இருக்கு. மேட்டுல டாப் கியர்ல இன்ஜினை முக்க விட்டா டீசல் அதிகமாப் போகுது, ஆனா ஃபேனும் வாட்டர் பாடியும் மெதுவா சுத்துது. ஒரு கியர் இறக்கினா ரெண்டும் வேகமாகும், முள்ளு இறங்குறதைப் பார்க்கலாம்.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். தருமபுரியிலேருந்து சேலம் போறவங்க தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல் போட்டா இன்ஜின் ஆறும்னு நினைக்கிறாங்க. தப்பு. கியர்ல விட்டு ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுத்தா டீசல் போறது நின்னுடும், சக்கரமே இன்ஜினைச் சுத்தும், ஃபேனும் பம்பும் வேகமா ஓடி சீக்கிரம் ஆத்தும். நியூட்ரல்ல இன்ஜின் ஐடிலிங்ல டீசல் குடிக்கும், ஆறுறதும் மெதுவா, பிரேக் மட்டும் தனியா லோடைத் தாங்கி வெந்து போகும். அந்தக் கணவாய்ல எத்தனை லாரி கவிழ்ந்திருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஹெட்டைப் பத்தியும் ஒரு வரி. யாருக்காவது நிஜமாவே வெந்து போய் ஹெட் எங்ககிட்ட வந்தா, கோணலை நேர்கோல் வச்சு குறுக்கு மூலையிலயும் பார்த்துட்டுத்தான் ஃபேஸிங் (முகத்தைச் சமமாச் சீவுறது) பண்ணுவோம். டீசலுக்கு கேஸ்கெட் ஒரே கனம் இல்ல. பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்வளவு எட்டுதோ அதுக்குத் தகுந்த கனம், கேஸ்கெட் ஓரத்துல ஓட்டையோ வெட்டோ எண்ணிக்கையா இருக்கும். பழசுல எத்தனைன்னு பார்த்து வாங்குங்க. போல்ட் குழிகளை ஊதிச் சுத்தம் பண்ணாம மாட்டினா, உள்ள நிக்கிற ஆயில் அழுத்தி பிளாக்கே வெடிக்கும்.

மாங்கா லோடு, காவேரிப்பட்டினம் | மே 13, காலை 6.45

கூலன்ட் வாங்கிட்டேன். இப்ப உள்ள இருக்கிறது வெறும் தண்ணி, இறக்கிடலாம். இனி ரெண்டு வருஷம் கழிச்சு இதை இறக்கினா எங்க ஊத்துறதுண்ணா? வீட்டுல மாடு, கன்னு இருக்கு.

கிருஷ்ணகிரி ரேடியேட்டர் வேலை | மே 13, காலை 7.30

நல்ல கேள்வி. கிளைக்கால் இனிக்கும். நாய், கன்னுக்குட்டி ருசிக்கு நக்கிடும், கொஞ்சம் போதும், கிட்னி போய் செத்துடும். அதனால களத்துலயோ வாய்க்கால்லயோ இறக்காதீங்க. கீழ அகலமான டப் வச்சுப் பிடிங்க, சிந்தின இடத்துல மண்ணைப் போட்டு அள்ளி, தண்ணி அடிச்சு விடுங்க. பிடிச்சதைக் கூலன்ட் வந்த கேன்லயே ஊத்தி, மூடி இறுக்கி, மேல பெருசா விஷம்னு எழுதி, பிள்ளைங்க கை எட்டாத இடத்துல வைங்க. தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது பெரிய சர்வீஸ் சென்டர்ல கேட்டுக் குடுத்துடுங்க. பட்டறை வேஸ்ட் ஆயில் டிரம்ல மட்டும் கலக்காதீங்க, தண்ணி கலந்த ஆயிலை எடுக்கிறவங்க வாங்க மாட்டாங்க.